கடைசி மருந்தின் கதை – 11: ஊர்ப்பெயர் சூடிய நொதி

1985-ல் இமிபெனெம் வந்தபோது மருத்துவர்கள் நிம்மதியாக மூச்சு விட்டார்கள். பெனிசிலின், செபலோஸ்போரின் என்று ஒவ்வொன்றாக முறித்துப் போட்ட பாக்டீரியாக்கள், கார்பபெனெம் என்ற இந்தப் புதுக் குடும்பத்திடம் தோற்றன. பத்து ஆண்டுகள் ஓடின. 1996-ல் அமெரிக்காவின் வட கரோலினாவில் ஒரு நோயாளியிடம் எடுத்த கிளெப்சியெல்லா என்ற பாக்டீரியாவில் கார்பபெனெமையும் முறிக்கும் நொதி அகப்பட்டது. அதற்கு கே.பி.சி. என்று பெயர். நியூயார்க் மருத்துவமனைகளுக்குள் புகுந்து அது செய்த சேதத்தைச் சென்ற வாரம் பார்த்தோம்.

அப்போதும் ஓர் ஆறுதல் மிச்சமிருந்தது. இந்த வகைக் கிருமிகள் ஐ.சி.யூ.வில் வாரக்கணக்கில் கிடப்பவர்களைத்தான் பிடிக்கின்றன, மருத்துவமனை வாசலைத் தாண்டி வருவதில்லை என்று நினைத்தார்கள்.

அந்த ஆறுதல் கலைந்த கதை இது. ஸ்வீடனில் தொடங்கி நம்முடைய தரமணி வழியாகப் போகிறது.

* * *

2008 ஜனவரி 8. ஸ்வீடனின் ஓரெப்ரோ நகர மருத்துவமனையில் ஒருவரைக் கொண்டுவந்து சேர்த்தார்கள். வயது 59. இந்திய வம்சாவளி, பல ஆண்டுகளாக ஸ்வீடனில் வாழ்பவர். நீண்ட நாள் சர்க்கரை நோய். பக்கவாதமும் ஒரு முறைக்கு மேல் வந்திருந்தது.

முந்தைய ஆண்டின் இறுதியில் அவர் இந்தியா வந்திருந்தார். வந்த இடத்தில் பிட்டத்தில் பெரிய சீழ்க்கட்டி. டிசம்பரில் லூதியானாவில் அறுவை சிகிச்சை நடந்தது. பிறகு டெல்லியில் இன்னொரு மருத்துவமனை. படுத்த படுக்கையாகக் கிடந்ததில் படுக்கைப்புண்ணும் சேர்ந்துகொண்டது. அங்கிருந்துதான் ஸ்வீடனுக்குத் திரும்பினார்.

மறுநாள், ஜனவரி 9. அவருடைய சிறுநீரை கல்ச்சருக்கு அனுப்பினார்கள். வெளிநாட்டில் சிகிச்சை பெற்றுத் திரும்புகிற யாருக்கும் செய்கிற வேலைதான். வளர்ந்து வந்தது கிளெப்சியெல்லா நிமோனியே. அதுவும் எல்லா லேபும் தினமும் பார்க்கிற கிருமிதான்.

மருந்துப் பட்டியலில் வரிசையாக 'ஆர்' என்று விழுந்ததுதான் புதிது. ரெசிஸ்டன்ட். கார்பபெனெமுக்கு நேராகவும் அதே எழுத்து.

* * *

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று, லேபில் நடப்பதைக் கிட்டப் போய்ப் பார்த்துவிடலாம். சென்னையில் ஒரு நுண்ணுயிரியல் லேபில் எனக்கு ஒருமுறை அந்தத் தட்டைக் காட்டினார்கள்.

உள்ளங்கை அகலத்தில் வட்டமான பிளாஸ்டிக் தட்டு. அதில் இளமஞ்சள் நிறத்தில் உறைந்த அகார், கடல்பாசி ஜெல்லி மாதிரி. அதன்மேல் நோயாளியிடம் எடுத்த கிருமியைப் பஞ்சுக்குச்சியால் சீராகத் தேய்த்து, மருந்து தோய்த்த சின்னச் சின்னக் காகித வில்லைகளை வைத்துவிடுவார்கள். இரவு முழுக்க 37 டிகிரியில் இருக்கும். காலையில் எடுத்துப் பார்த்தால் தட்டெங்கும் கிருமி வெண்படலமாகப் படர்ந்திருக்கும். மருந்து வேலை செய்த வில்லையைச் சுற்றி மட்டும் நிலவைச் சுற்றிய கோட்டை போல ஒரு வெற்று வட்டம். ஸ்கேல் வைத்து அதை மில்லிமீட்டரில் அளப்பார்கள்.

எனக்குக் காட்டிய தட்டில் வட்டமே இல்லை. கார்பபெனெம் குடும்பத்து மெரோபெனெம் வில்லையின் விளிம்பை உரசிக்கொண்டு படலம் வளர்ந்திருந்தது. அந்த மருந்தை வில்லையில் ஏற்றியிருப்பதே அந்தக் கிருமிக்குத் தெரியாத மாதிரி.

"இப்போ இதைப் பாருங்க சார்" என்று பக்கத்துத் தட்டை நகர்த்தினார் அங்கிருந்த பெண். அதில் இரண்டு இமிபெனெம் வில்லைகள். ஒன்றில் வெறும் மருந்து. மற்றதில் மருந்தோடு ஈ.டி.டி.ஏ. என்ற ரசாயனம் ஒரு துளி. வெறும் வில்லையைச் சுற்றிக் கிருமி. ஈ.டி.டி.ஏ. இட்ட வில்லையைச் சுற்றிப் பளிச்சென்று ஒரு வட்டம்!

காரணம் துத்தநாகம். பெனிசிலின், செபலோஸ்போரின், கார்பபெனெம் அடங்கிய பீட்டா-லாக்டம் மருந்துகள் எல்லாவற்றிலும் நான்கு அணுக்கள் கைகோத்த ஒரு சிறு வளையம் உண்டு. அந்த வளையம்தான் பாக்டீரியா தன் சுவரைக் கட்டும் நொதிகளில் போய்ச் சிக்கி, கட்டுமானத்தையே நிறுத்துகிறது. எதிர்ப்பு நொதி அந்த வளையத்தை அறுத்துவிட்டால் மருந்து வெறும் தூள். ஓரெப்ரோ கிருமியில் இருந்த நொதி, இரண்டு துத்தநாக அணுக்களைக் கத்தரியின் இரண்டு அலகு போல வைத்துக்கொண்டு அந்த வேலையைச் செய்தது. ஈ.டி.டி.ஏ. அந்தத் துத்தநாகத்தைப் பிடுங்கிக்கொள்ளும். அலகு போனால் கத்தரி ஏது?

ஈ.டி.டி.ஏ.வை நோயாளிக்கு ஏற்றிவிடலாமே என்று உடனே கேட்டேன். உடம்புக்கு வேண்டிய உலோகங்களையும் அது சேர்த்துப் பிடுங்கிவிடும் என்றார். லேப் தட்டில் கிடைக்கிற விடை வார்டுக்குப் போய்ச் சேருவதில்லை.

* * *

துத்தநாகத்தை வைத்துக்கொண்டு வேலை செய்யும் இத்தகைய நொதிகள் அதற்கு முன்பும் உண்டு. இத்தாலியின் வெரோனாவில் ஒன்று, பிரேசிலின் சாவ் பாவ்லோவில் ஒன்று, கொரியாவின் சியோலில் ஒன்று. ஆனால் ஓரெப்ரோ கிருமியின் மரபணுவை இங்கிலாந்தின் பக்கத்து நாடான வேல்ஸில், கார்டிஃப் பல்கலைக்கழகத்தில் படித்தபோது அது இவை எவற்றோடும் ஒட்டவில்லை. பேராசிரியர் திமோத்தி வால்ஷ், கொரியாவிலிருந்து வந்திருந்த டோங்உன் யோங், ஸ்வீடனின் கிறிஸ்டியன் கிஸ்கே ஆகியோர் அடங்கிய குழு அதைப் பிரித்துப் பார்த்தது. முற்றிலும் புதிய நொதி.

அதைவிடப் பெரிய செய்தி அந்த மரபணு உட்கார்ந்திருந்த இடம். பாக்டீரியாவின் தலையாய டி.என்.ஏ.வில் அது இல்லை. பிளாஸ்மிட் என்ற தனி வளையத்தில் இருந்தது. பிளாஸ்மிட் என்பது ஒரு கிருமி இன்னொரு கிருமிக்குக் கைமாற்றிக் கொடுக்கக்கூடிய ஆயுதப் பை. ஜப்பானியச் சீதபேதிக் கிருமிகளில் இந்தக் கைமாற்று கண்டுபிடிக்கப்பட்டதை இந்தத் தொடரின் தொடக்கத்தில் பார்த்திருக்கிறோம்.

கைமாற்றுக்குச் சாட்சியும் அதே நோயாளியிடம் கிடைத்தது.

2008 மார்ச்சில் அவருடைய மலத்தைச் சோதித்தார்கள். அதில் ஒரு ஈ.கோலை. கிளெப்சியெல்லா இல்லை, வேறு இனம். நம் எல்லோர் குடலிலும் பிறந்த சில நாளில் குடியேறிக் கடைசிவரை கூடவே இருக்கிற இனம். அதற்குள்ளும் அதே மரபணு. ஒரு மனிதரின் குடலுக்குள்ளேயே ஆயுதப் பை கைமாறியிருக்க வேண்டும் என்று ஆய்வாளர்கள் முடிவுக்கு வந்தார்கள்.

இந்தக் கதையின் திருப்பம் இதுதான் என்று நான் நினைக்கிறேன். கிளெப்சியெல்லா மருத்துவமனைக் கிருமி என்று பேர் வாங்கியது. வார்டைக் கழுவி, நோயாளியைத் தனியறையில் வைத்துப் பிடித்துவிடலாம். ஈ.கோலை அப்படியா? அது வீட்டுக்குப் போகும். கைக்குப் போகும், கழிப்பறைக்குப் போகும், சாக்கடைக்குப் போகும்.

2009 டிசம்பரில் ஆய்வுக் கட்டுரை வெளிவந்தது. புது நொதிக்குப் பெயர் வைக்க வேண்டுமே. இந்த வகை நொதிகளுக்கு ஊர்ப்பெயர் வைப்பது பழைய வழக்கம். வி.ஐ.எம். என்பதன் முதலெழுத்து வெரோனா, எஸ்.பி.எம். என்பதில் சாவ் பாவ்லோ. அந்த வழக்கப்படி இதற்கு 'நியூ டெல்லி மெட்டல்லோ-பீட்டா-லாக்டமேஸ்-1' என்று வைத்தார்கள். சுருக்கமாக, என்.டி.எம்.-1.

அப்போது யாரும் முணுமுணுக்கக்கூட இல்லை.

* * *

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். இது வெளிநாட்டார் வந்து நமக்குச் சொல்லித் தெரிந்த சேதி அல்ல. நம் மருத்துவர்களே அதைப் பார்த்தார்கள், எழுதினார்கள்.

மும்பை ஹிந்துஜா மருத்துவமனையில் 2009 ஆகஸ்ட் முதல் நவம்பர் வரை கார்பபெனெமுக்கு அடங்காத 24 கிருமிகளைச் சேர்த்துவைத்துச் சோதித்தார்கள். 22-ல் என்.டி.எம்.-1. இந்திய மருத்துவர்கள் சங்க இதழின் 2010 மார்ச் இதழில் அது வெளிவந்தது. அதே இதழில் சென்னையின் தொற்றுநோய் மருத்துவர் அப்துல் கஃபூர் ஒரு தலையங்கம் எழுதினார். ஆன்டிபயாட்டிக்குகளின் சாவுக்கு இரங்கற்குறிப்பு என்பது அதன் தலைப்பு.

அந்த இரங்கற்குறிப்பைப் படித்து நாடாளுமன்றம் கூடவில்லை. தொலைக்காட்சிகளும் கத்தவில்லை.

இன்னொரு பக்கம், சென்னை தரமணியில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் டாக்டர் ஏ.எல்.எம். முதுநிலை அடிப்படை மருத்துவ அறிவியல் நிறுவனத்தில் கார்த்திகேயன் குமாரசாமி என்ற இளம் ஆய்வாளர், நகரத்து நோயாளிகளிடம் எடுத்த கிருமிகளை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். 2009-ல் சென்னையில் சேர்ந்த, கிளெப்சியெல்லாவும் ஈ.கோலையும் அடங்கிய குடும்பத்தின் கிருமிகள் 3521. கார்பபெனெமுக்கு மசியாதவை 141. அவற்றில் 44-ல் என்.டி.எம்.-1.

லண்டனின் காலிண்டேலில் இருந்த பொதுச் சுகாதார ஆய்வகத்திலும் அதே நேரத்தில் எண்ணிக்கை ஏறிக்கொண்டிருந்தது. டேவிட் லிவர்மோர், நீல் வுட்ஃபோர்டு இருவரும் பிரிட்டிஷ் மருத்துவமனைகள் அனுப்பிய கிருமிகளில் இந்த நொதியைத் திரும்பத் திரும்பக் கண்டார்கள். தரமணி, கார்டிஃப், காலிண்டேல், ஹரியானா, பாகிஸ்தான் ஆய்வகங்கள் எல்லாம் ஒரே கட்டுரையில் சேர்ந்தன. சென்னை 44, ஹரியானா 26, பிரிட்டன் 37, இந்தியா-பாகிஸ்தானின் பிற இடங்கள் 73. மொத்தம் 180 கிருமிகள்.

எண்ணிக்கையைவிட அவற்றின் உறவுமுறைதான் பயமுறுத்தியது. ஹரியானாவின் கிளெப்சியெல்லாக்கள் ஒன்றுக்கொன்று நெருங்கிய சொந்தம். ஒரே கிருமி பெருகிப் பரவியது போல. சென்னையிலும் பிரிட்டனிலும் கிடைத்தவை அப்படி இல்லை. பல இனங்கள், பல வம்சங்கள். அங்கே கிருமி பரவவில்லை. மரபணு பரவியது. தாய்பிள்ளை உறவே இல்லாத கிருமிகளின் கையில் ஒரே ஆயுதம்.

* * *

2010 ஆகஸ்ட் 11. லான்செட் தொற்றுநோய் இதழ் கட்டுரையை இணையத்தில் ஏற்றியது. முதல் ஆசிரியராக நின்ற பெயர், நம் கார்த்திகேயன் குமாரசாமி.

ஒரே இரவில் 'டெல்லி சூப்பர்பக்' உலகத் தலைப்புச் செய்தி.

பிரிட்டிஷ் நோயாளிகள் 29 பேரின் வரலாறு கட்டுரையில் இருந்தது. 17 பேர் முந்தைய ஓராண்டில் இந்தியாவுக்கோ பாகிஸ்தானுக்கோ போய்வந்தவர்கள். 14 பேர் அந்த நாடுகளில் மருத்துவமனையில் படுத்தவர்கள். கடைசிப் பகுதியில் ஆசிரியர்கள் ஒரு படி மேலே போனார்கள். செலவு குறைவு என்று பிரிட்டிஷ் நோயாளிகளை இந்தியாவுக்கு அறுவை சிகிச்சைக்கு அனுப்பும் யோசனை நல்லதல்ல, கடைசியில் செலவு கூடத்தான் செய்யும் என்று எழுதினார்கள்.

வெளிநாட்டு நோயாளிகளை நம்பிப் பெரிய மருத்துவமனைகள் எழும்பிக்கொண்டிருந்த காலம் அது. பொறுக்குமா? மத்தியச் சுகாதார அமைச்சகம் உடனே மறுப்பு வெளியிட்டது. மருத்துவச் சுற்றுலாவைக் கெடுக்கும் சதி என்ற குரல் நாடாளுமன்றத்தில் எழுந்தது. ஆய்வுக்குப் பணம் கொடுத்தவர்கள் பட்டியலில் ஒரு மருந்து நிறுவனத்தின் பெயர் இருந்தது, அதைப் பிடித்துக்கொண்டார்கள். கார்த்திகேயன் குமாரசாமி, அறிவியல் வேலை என்னுடையது, கடைசிப் பகுதியில் உள்ள அறிவுரை எனக்கு உடன்பாடில்லாதது என்று பத்திரிகைகளிடம் சொல்ல வேண்டிவந்தது. இருபது பேர் கேள்வி கேட்கும் கூட்டத்தில் ஓர் இளைஞர் தனியாக மாட்டிக்கொண்டதைப் பார்த்தபோது எனக்கு மனசு கனத்தது. அவர் செய்த தவறுதான் என்ன? இருந்ததை எண்ணினார்.

பெயரைப் பற்றிய கோபத்தில் நியாயமே இல்லை என்று சொல்லமாட்டேன். ஒரு தலைநகரின் பெயர் ஒரு நோய்க்கிருமியோடு ஒட்டிக்கொண்டால் அந்த ஊர்க்காரருக்கு வலிக்கும். 2011 ஜனவரியில் லான்செட்டின் ஆசிரியர் ரிச்சர்ட் ஹார்ட்டன் டெல்லிக்கே வந்து, அந்தப் பெயரை அனுமதித்தது பிழை என்று சொல்லி மன்னிப்புக் கேட்டார்.

மன்னிப்பு கிடைத்தது. ஆனால் அந்த ஐந்து மாதங்களில் நாம் பேசியதெல்லாம் பெயரைப் பற்றித்தான். கை கழுவுவதைப் பற்றி, கழிவுநீரைப் பற்றி, சீட்டு இல்லாமல் கடையில் கிடைக்கும் மருந்தைப் பற்றி எவ்வளவு பேசினோம்? உறையவைத்துக் காத்த பழைய கிருமிகளைப் பின்னாளில் எடுத்துச் சோதித்தபோது, 2006-லேயே டெல்லி, மும்பை, புனே மருத்துவமனைகளில் இந்த நொதி இருந்தது தெரிந்தது. ஸ்வீடனுக்கு அந்த விமானம் கிளம்புவதற்கு முன்பே.

* * *

அடுத்த அடி தண்ணீரிலிருந்து வந்தது.

2010 செப்டம்பர் 26 முதல் அக்டோபர் 10 வரை, டெல்லியின் மையத்திலிருந்து 12 கிலோமீட்டர் தொலைவுக்குள் தண்ணீர் எடுத்தார்கள். தெருவில் தேங்கிய நீரும் ஓடையுமாக 171 மாதிரிகள். குழாய்த் தண்ணீர் 50. எல்லாம் கார்டிஃப் போய்ச் சேர்ந்தன. 2011 ஏப்ரலில் முடிவு வந்தது.

தேங்கிய நீரில் 51 மாதிரிகளில் என்.டி.எம்.-1 மரபணு. குடிக்கிற தண்ணீரில் இரண்டில்.

அதுவரை அந்த நொதியைப் பார்த்திராத கிருமிகளிலும் இப்போது அது இருந்தது. அவற்றில் ஒன்று சீதபேதி தருகிற ஷிகெல்லா. இன்னொன்று காலராவின் விப்ரியோ.

ஆய்வாளர்கள் இன்னொரு சோதனையும் செய்தார்கள். பிளாஸ்மிட் கைமாறுவது எந்த வெப்பநிலையில் அதிகம்? 25, 30, 37 டிகிரிகளில் வைத்துப் பார்த்தார்கள். உடம்புச் சூடான 37-ல் அதிகம் இருக்கும் என்றுதான் யாரும் நினைப்போம். 30-ல்தான் அதிகம் இருந்தது. வருடத்தில் பாதிக்கு மேல் டெல்லித் தெருவோரக் குட்டையில் இருக்கிற சூடு அது. சென்னைக்குச் சொல்லவே வேண்டாம்.

இந்த முறையும் முதலில் எழுந்தது, மாதிரிகளை யார் அனுமதியோடு நாட்டைவிட்டு எடுத்துப் போனார்கள் என்ற கேள்விதான். குழாயில் வருகிற தண்ணீருக்கு ஒன்றுமில்லை என்றது டெல்லி நிர்வாகம்.

ஐ.சி.யூ. கதவோடு நிற்கும் என்று நம்பிய ஒன்று, தெருவில் குழந்தைகள் கால் நனைத்து ஓடும் தண்ணீரில் இருந்தது.

* * *

பதில் சொல்ல முயன்றவர்களும் உண்டு. நமக்குப் பெருமையான இடம் இது.

2012 ஆகஸ்ட் 24. இந்திய மருத்துவச் சங்கங்கள் பலவற்றின் பிரதிநிதிகள் சென்னையில் ஒன்றுகூடினார்கள். கூட்டியவர், இரண்டு ஆண்டுகளுக்கு முன் இரங்கற்குறிப்பு எழுதிய அதே அப்துல் கஃபூர். அங்கே உருவானதுதான் உலகம் இன்று 'சென்னைப் பிரகடனம்' என்று குறிப்பிடும் ஆவணம். பழுதே இல்லாத கொள்கை வேண்டாம், நடைமுறைக்கு வரக்கூடிய கொள்கை போதும் என்பது அதன் சாரம்.

ஏன் அப்படிச் சொன்னார்கள்? முந்தைய ஆண்டு பட்ட பாடம். மருந்துக்கடைகளில் ஆன்டிபயாட்டிக் விற்பனையைக் கடுமையாகக் கட்டுப்படுத்த எச்.எக்ஸ். என்றொரு அட்டவணையை அரசு 2011-ல் முன்வைத்தது. எதிர்ப்பு கிளம்பியதும் அது கிடப்பில் போனது. அந்த எதிர்ப்பை வெறும் வியாபாரிகளின் கூச்சல் என்று தள்ளவும் முடியாது. மருத்துவரே இல்லாத ஊரில் நிமோனியா வந்த குழந்தைக்கு மருந்து யார் எழுதித் தருவார்? மருந்து அளவுக்கு மீறிக் கிடைப்பதால் சாகிறவர்களும் நாம்தான். கிடைக்காமல் சாகிறவர்களும் நாம்தான்.

நடுவழி ஒன்று பிறந்தது. 2013-ல் அறிவித்து 2014 மார்ச் 1 முதல் எச்.1 அட்டவணை அமலுக்கு வந்தது. மொத்தம் 46 மருந்துகள். அவற்றில் கார்பபெனெம்களும் அடக்கம். இவற்றை விற்றால் மருத்துவர், நோயாளி, மருந்து, அளவு எல்லாவற்றையும் தனிப் பதிவேட்டில் எழுதி மூன்று ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும். அட்டையின் மேல் சிவப்புக் கட்டத்துக்குள் எச்சரிக்கை. உங்கள் வீட்டு மருந்து டப்பாவைத் திறந்து பாருங்கள், இருக்கும். போன காய்ச்சலுக்கு வாங்கி, மூன்று நாளில் சரியானதும் மீதம் வைத்த இரண்டு மாத்திரைகளும் கூடவே இருக்கும்.

* * *

இத்தனைக்கும் நடுவில் நோயாளிகள் இருந்தார்களே, அவர்களுக்கு என்ன கொடுத்தார்கள்?

என்.டி.எம்.-1 கிருமிகளில் பெரும்பாலானவை இரண்டு மருந்துகளுக்கு மட்டும் பணிந்தன. டிகிசைக்ளின் ஒன்று. அது ரத்தத்தில் போதிய அளவு நிற்பதில்லை. மற்றது கோலிஸ்டின். ஜப்பானில் 1940-களின் இறுதியில் ஒரு மண் பாக்டீரியாவிடமிருந்து எடுத்த பழைய சரக்கு. சிறுநீரகத்தைக் கெடுக்கிறது என்று 1970-களில் மருத்துவர்கள் ஒதுக்கிவைத்த மருந்து. முப்பது ஆண்டுகள் கழித்துத் தூசி தட்டி ஐ.சி.யூ.வுக்குக் கொண்டுவந்தார்கள். சிறுநீரகம் போனால் டயாலிசிஸ் பார்த்துக்கொள்ளலாம், முதலில் உயிர் இருக்கட்டும் என்ற கணக்கு.

அன்றைய கல்ச்சர் ரிப்போர்ட்டுகளை மனக்கண்ணில் பாருங்கள். மேலிருந்து கீழே ஆர், ஆர், ஆர். கடைசி வரியில் கோலிஸ்டினுக்கு நேரே மட்டும் ஒற்றை 'எஸ்'. சென்சிட்டிவ். ஐ.சி.யூ. வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் விடிய விடிய உட்கார்ந்திருந்த குடும்பங்கள், அந்த ஓரெழுத்தை நம்பித்தான் கீழே மருந்துக்கடைக்கு ஓடின.

கோலிஸ்டினை உடைக்கும் எதிர்ப்பு அங்கங்கே தலைகாட்டினாலும், அதுவரை தெரிந்ததெல்லாம் கிருமியின் தலையாய டி.என்.ஏ.வில் நேர்ந்த மாற்றங்கள். அதன் வாரிசுகளுக்குப் போகும். அடுத்தவன் கைக்குப் போகாது. ஆயுதப் பையில் அது ஏறவில்லை என்பதே எல்லோருடைய தைரியம்.

ஆனால் மனிதருக்கு ஆகாது என்று நாம் ஒதுக்கிய அந்த முப்பது ஆண்டுகளில் கோலிஸ்டின் சும்மா கிடக்கவில்லை. உலகின் பல மூலைகளில் பன்றிக்கும் கோழிக்கும் தீவனத்தோடு கலந்து டன் டன்னாகப் போய்க்கொண்டிருந்தது. 2015 நவம்பரில் சீனாவிலிருந்து ஒரு கட்டுரை வந்தது. இறைச்சிக்காக வளர்த்த ஒரு பன்றியிடம் எடுத்த ஈ.கோலையைப் பற்றியது.

அந்த ஈ.கோலையின் பையில் என்ன இருந்தது?